மலை ஏறத் தெரியும், கல்லை வாசிக்கத் தெரியுமா?

போயாவோடு சேர்ந்து ஒரு நீண்ட விடுமுறை வந்தால் போதும், வட்ஸ்அப் குழுவில் மப் வந்து விழும். பத்துப் பைக், ஒரு ட்ரோன், நடுச்சாமம் தாண்டிப் புறப்பாடு, சூரியன் எழும்ப முதல் பிதுரங்கல உச்சி. அடுத்த முறை மிகிந்தலை. அதற்கடுத்த முறை திம்புலாகல. பெற்றோலுக்குக் காசு மிஞ்சினால் பொத்துவில், பாணமை தாண்டிக் குடும்பிகல. திங்கட்கிழமை காலை எல்லாம் ரீல்ஸாக வரும்: கையை விரித்தபடி ஒரு பொடியன், பின்னால் பனிமூட்டம், அதற்கு மேல் ஒரு ரகுமான் பாட்டு. கீழே ஒரு வரி: "அரசியல் வேணாம் மச்சான், ரைட் மட்டும்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரிக்கு எதிரானது.

பைக்குக்கு எதிரானதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு ஒரு பழைய பல்சரின் விலை எங்கே போய் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். 2022இல் கியூஆர் காட்டி, வாரத்துக்கு நாலு லீட்டர் பெற்றோலுக்கு வெயிலில் நின்ற தலைமுறை நாங்கள். எங்கட அப்பாமாருக்கு இருபது வயதில் பாஸ் இல்லாமல் ஓமந்தையைத் தாண்ட ஏலாது. அதனால் டாங்கை நிரப்பிக்கொண்டு நினைத்த திசையில் போவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அந்தச் சந்தோஷத்தை யாரும் குறைத்துப் பேசத் தேவையில்லை. நான் கேட்பது வேறு. இவ்வளவு தூரம் ஓடி, இவ்வளவு உயரம் ஏறி, அங்கே போய் நாங்கள் எதைப் பார்க்கிறோம்?

ரீல்ஸ்காரருக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊரில் பெரியாக்கள், கம்பஸில் தீவிரமாகக் கதைக்கிற அண்ணாமார். "அங்க ஏனடா போறியள்? அது அவங்கட இடம். நீங்கள் போய் லைக் வாங்கிக் குடுக்கிறியள்." இந்தக் கூட்டத்துக்கு மலை என்றாலே பௌத்த விகாரை, விகாரை என்றாலே சிங்களம், சிங்களம் என்றாலே அரசாங்கம். முதலாவது கூட்டம் மலையை வியூ பொயின்ட் ஆக்குகிறது. இரண்டாவது கூட்டம் மலையை எதிரியின் முகாம் ஆக்குகிறது. இரண்டும் சண்டை பிடித்தாலும், அடியில் ஒரே நம்பிக்கைதான்: அந்தக் கல்லில் எங்களுக்குத் தேவையான எதுவும் எழுதியிருக்கவில்லை.

எழுதியிருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அந்த மலைகள் என்ன என்று பார்ப்போம். ஒரு பெரிய பாறை, அதன் அடியில் இயற்கையாக உள்வாங்கிய ஒரு குகை. மழை பெய்தால் தண்ணீர் பாறை முகத்தில் வழிந்து உள்ளே வரும். அதைத் தடுக்க, குகையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டினார்கள். தண்ணீர் அந்த விளிம்புவரை வந்து, உள்ளே போகாமல் நேராகக் கீழே சொட்டும். சிங்களத்தில் இதைக் கட்டாரம் என்பார்கள். இந்த ஒரு வெட்டுத்தான் வெறும் குகையை ஆள் படுக்கக்கூடிய குகையாக மாற்றியது. பிதுரங்கல ஏறும்போதும் இதைத் தாண்டித்தான் போகிறோம். செங்கல்லால் செய்த சயனப் புத்தருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிற இடம். தலைக்கு மேல் பார்ப்பவர் குறைவு.

பழைய மலைவிகாரைகள் பலவற்றில், அந்த விளிம்புக்குக் கீழே, மழை படாத இடத்தில், ஒரு வரி எழுத்து இருக்கும். பிராமி எழுத்து. மொழி பிராகிருதம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் வெட்டியவை. பேராசிரியர் பரணவிதான 1970இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பெரும்பாலானவற்றின் வாசகம் ஏறக்குறைய ஒன்றே: இன்னாரின் குகை, வந்தவர்களும் இனி வரப்போகிறவர்களுமான நாற்றிசைச் சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான். ஒரு தருமசாதன உறுதி மாதிரி, சுருக்கமாக, கொடுத்தவரின் பெயரோடு.

கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் கதை சூடு பிடிக்கும். அரசர்கள் இருக்கிறார்கள், ஊர்த்தலைவர்கள் இருக்கிறார்கள், வணிகர்கள் இருக்கிறார்கள். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அரசகுமாரிகள் தொடக்கம் சாதாரண உபாசிகைகள் வரை. இந்த இடத்தில் ஒரு சின்னக் கேள்வி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முதல் ஒரு பெண் தன் பெயரிலேயே ஒரு குகையைக் கொடுத்து, அதைக் கல்லில் வெட்டுவித்திருக்கிறாள். இன்று அந்தக் குகையைப் பார்க்கப் போகிற பத்துப் பைக்கில் ஹாண்டில் பிடிக்கிற பெண் எத்தனை பேர்? "சுதந்திரம்" என்று ரீல்ஸில் எழுதுகிற பொடியள் தங்கட தங்கச்சி ரைட் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய கட்டுரை.

இனி வவுனியா மாவட்டத்துக்கு வருவோம். பெரியபுளியங்குளம் என்று ஓர் இடம். நான் பார்த்த எந்த ரைட் பட்டியலிலும் அது இல்லை. அங்குள்ள குன்றின் குகைகளில் நிறையக் கல்வெட்டுகள் உண்டு. ஒன்று நாக அரசனின் மகளும் உத்தி அரசனின் மனைவியுமான ஓர் அரசகுமாரி கொடுத்த குகையைச் சொல்கிறது. அதே இடத்தில் இன்னொன்று, விசாகன் என்ற ஒரு வணிகனின் குகையைச் சொல்கிறது. அவனுக்குக் கொடுத்திருக்கும் அடைமொழி "தமேட". தமிழன். அவன் தமிழன் என்பதைக் கல்வெட்டே சொல்கிறது, அந்தக் குகை அவனுடையது என்பதையும் அதே கல்வெட்டே சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த வரி தடுமாறவே இல்லை.

அநுராதபுரத்தில் இன்னொரு பாறை. தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடி இருந்த ஒரு மேடையின் கல்வெட்டு. அதைச் செய்வித்தவன் தமிழன். யார் யாருடைய ஆசனம் எது என்று பெயர் வெட்டியிருக்கிறது. அதில் ஒருவன் கப்பலோட்டி.

கடலுக்கு அந்தப் பக்கம் போங்கள். மதுரைக்குப் பக்கத்துத் திருப்பரங்குன்றத்தில் சமணத் துறவிகள் தங்கிய பாறைக் குகை. அங்கேயும் கற்படுக்கை, அங்கேயும் பிராமி எழுத்து, ஆனால் மொழி தமிழ். ஐராவதம் மகாதேவனின் வாசிப்பின்படி, அங்கே கொடை கொடுத்தவர்களில் ஒருவன் எருக்காட்டூரில் இருந்த ஈழத்துக் குடும்பிகன். இங்கே வவுனியாக் கல்லில் ஒரு தமிழ் வணிகன் பௌத்தருக்குக் கொடுக்கிறான். அங்கே மதுரைக் கல்லில் ஓர் ஈழத்தான் சமணருக்குக் கொடுக்கிறான். இந்தக் கற்களை வெட்டிய ஆட்களிடம் போய் "மலை சிங்களவன்டயா தமிழன்டயா?" என்று கேட்டால் கேள்வியே விளங்கியிருக்காது.

ஆனால் எங்களுக்கு விளங்குகிறது. நல்லாவே விளங்குகிறது. ஏனென்றால் அந்தக் கேள்வியோடுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

2020 ஜூனில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் இடங்களைப் பார்க்க ஒரு செயலணி அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழ்கிற மாகாணம் அது. நியமித்தபோது அந்தச் செயலணியில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. தொல்லியல் என்பது மண்ணைத் தோண்டி உண்மையைத் தேடுகிற வேலை என்றால், அதற்குப் பாதுகாப்புச் செயலாளர் எதற்கு? காணி பிடிக்கிற வேலை என்றால் விளங்குகிறது.

குருந்தூர்மலையை எடுங்கள். முல்லைத்தீவில் ஒரு மலை. ஐயனாரும் சிவனும் இருக்கிற இடம் என்று கும்பிட்டு வந்த ஊர்ச்சனம். அங்கே பழைய பௌத்த விகாரையின் இடிபாடுகள் உள்ளன என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே மலையில் இருக்க முடியும், இருந்தும் இருக்கின்றன. 2021 ஜனவரியில் ஓர் இராஜாங்க அமைச்சர் இராணுவத்தினரோடும் புத்தர் சிலையோடும் போய் அங்கே அகழ்வைத் தொடக்கி வைத்தார். பிறகு வழக்கு, தடையுத்தரவு, தடையை மீறிக் கட்டுமானம். 2023 செப்டம்பரில், அந்த வழக்கைப் பார்த்த முல்லைத்தீவு நீதிபதி, உயிர் அச்சுறுத்தலும் மன அழுத்தமும் என்று காரணம் எழுதிவிட்டுப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். ஒரு நீதிபதி நாட்டை விட்டு ஓடுகிற அளவுக்கு அந்த மலையில் என்ன இருக்கிறது? வியூவா?

இப்படித்தான் பழைய கல் புதிய காணி உறுதியாகிறது. ஆனால் கவனியுங்கள், அந்தக் கல்லைக் காட்டிக் காணி கேட்கிறவர்கள் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். குகைக் கல்வெட்டு என்ன சொல்கிறது? நாற்றிசைச் சங்கத்துக்கு. ஓர் இனத்துக்கு என்று இல்லை. ஓர் அரசாங்கத்துக்கு என்று இல்லை. ஒரு நிக்காயவுக்கு என்றுகூட அந்த வாய்பாட்டில் இல்லை. எந்தத் திசையிலிருந்து வரும் துறவிக்கும், இன்னும் பிறக்காத துறவிக்கும்கூட. உறுதியைக் காட்டிக் காணி எடுக்கிறவர் உறுதியில் எழுதியிருக்கிற நிபந்தனையை மீறினால் அதற்கு ஊரில் என்ன பெயர் சொல்வோம்?

இதைக் கேட்டதும் எங்கட பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு உற்சாகம் வரும். "பாத்தியா, அப்ப அது தமிழன்ட விகாரைதான்! தமிழ்ப் பௌத்தம் எண்டு ஒண்டு இருந்தது!" ஓம், இருந்தது. மணிமேகலை பௌத்தக் காப்பியம்தான். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஒரு முழுக் கிராமத்தையே விட்டுக் கொடுத்தான். திருகோணமலை வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், தமிழில் கொடைக் கல்வெட்டுகள் உள்ளன, எங்கட சனம் அதை நாதனார் கோயில் என்று சொன்னது. எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ய நினைப்பது என்ன? அவர்கள் நட்ட பெயர்ப்பலகையைப் பிடுங்கிவிட்டு, அதே கம்பத்தில் எங்கட பலகையை ஆணி அடிக்கிறதா? விசாகன் என்ற வணிகன் தமிழன் என்பதால் அந்தக் குகை தமிழருக்குச் சொந்தம் என்றால், திருப்பரங்குன்றம் ஈழத்தானுக்குச் சொந்தமா? கொடுத்தவன் பெயரைக் காட்டித் திருப்பிக் கேட்கிறதுக்கு அது ஒன்றும் சீதனம் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

அந்தக் கல்வெட்டில் எங்களுக்குக் கிடைப்பது சொத்து இல்லை. அதைவிடப் பெரிய ஒன்று கிடைக்கிறது: "நீங்கள் இந்த மலைக்கு அந்நியர்" என்று எந்தப் பக்கத்தில் இருந்து சொன்னாலும் அது பொய் என்பதற்கான சாட்சி. காவலில் நிற்கிறவர் சொன்னாலும் பொய். கம்பஸில் அண்ணா சொன்னாலும் பொய்.

இனி அந்த "அரசியல் வேணாம்" வரிக்கு வருவோம். மலையை விடுங்கள், போகிற பாதையையே எடுங்கள்.

மட்டக்களப்பில் இருந்து திம்புலாகலைக்குப் போகிற பாதை வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி. ரோட்டு அருமை, எண்பதில் இழுக்கலாம். அந்தப் பக்கத்து ஊர்களில்தான் 1992 ஏப்ரல் 29 நடந்தது. அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அதே நாளில் பழிக்குப் பழியாக முத்துக்கல்லிலும் கரப்பொலையிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் உட்பட. திம்புலாகல விகாராதிபதியாக இருந்தவர் 1983இல் ஆயிரக்கணக்கான சிங்களவரை மாதுறு ஓயாப் பக்கம் குடியேற்ற முன்னால் நின்றவர். 1995இல் அவரைப் புலிகள் கொன்றார்கள். நீங்கள் ஹெல்மெட் கழற்றி வைக்கிற மலையடிவாரத்தின் கதை இது.

ராஜகலைக்குப் போகிறவர்கள் அம்பாறையில் இருந்து மஹா ஓயா வீதியைப் பிடிப்பார்கள். ராஜகலயில் ஒரு தூபியின் கல்வெட்டு, இந்தத் தீவுக்கு வந்த மகிந்த தேரரையும் இத்திய தேரரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மிகப் பழைய எழுத்து. அதே வீதியில் திரும்பாமல் நேரே போனால் அரந்தலாவை வரும். 1987 ஜூன் 2ஆம் திகதி, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பிக்குகளைப் புலிகள் கொன்ற இடம். அவர்களில் பெரும்பாலானோர் சாமணேரச் சிறுவர்கள். எங்களில் பலர் இதைப் பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை. சிங்களப் பிள்ளைகளுக்கு நினைவுச் சின்னத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முத்துக்கல்லை யாரும் காட்டுவதில்லை. ஆளுக்கு ஆள் தங்கட பிணத்தை மட்டும் எண்ணப் பழகிய நாட்டில், இரண்டு இடத்தையும் ஒரே நாளில் தாண்டிப் போகக்கூடிய வாகனம் எங்கட கையில் இருக்கிறது. அதை வைத்து நாங்கள் செய்வது சைலன்சர் சத்தம் பதிவு பண்ணுவது.

"அப்ப ரைட் போற இடமெல்லாம் நிண்டு அழவா சொல்றீங்க?" என்று கேட்பார்கள். இல்லை. தேத்தண்ணி குடியுங்கள், பகிடி விடுங்கள், படம் எடுங்கள். ஆனால் "அரசியல் வேணாம்" என்று எழுதாதீர்கள். அரசியலை வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் நீங்கள் இல்லை. எத்தனையோ சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் பெயரை வாசித்த பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது. பெயர் வேறாக இருந்தால் கேள்வியும் வேறு.

படத்திலும் அப்படித்தான். 2019 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகலயில் ஒரு பழைய தூபியில் ஏறி நின்று எடுத்த படம்தான் காரணம். தூபியில் ஏறுவது பிழை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அது ஒரு சமாதி மாதிரி, ஏறி நிற்கிற மேடை இல்லை. ஆனால் அந்தப் படம் அவ்வளவு பெரிய செய்தியாக ஓடியதற்கு, ஏறியவர்களின் பெயர்கள் முஸ்லிம் பெயர்கள் என்பதற்கும் பங்கு இருந்தது. அதே கல்லில், அதே இடத்தில், வேறு பெயரோடு நின்றவனுக்கு அது வெறும் ட்ரிப் படம். இதைத் தெரிந்துகொண்டும் "அரசியல் வேணாம்" என்று எழுதுவது பொய். தெரியாமல் எழுதுவது ஆபத்து.

கடைசியாகக் குடும்பிகல. எங்கட மட்டக்களப்புக் குடும்பிமலை இல்லை, இது பாணமைக்கும் குமணைக்கும் இடையில் காட்டுக்குள் இருக்கிற பாறைக் கூட்டம். உச்சியில் உருளை வடிவில் ஒரு தூபி. சுற்றிக் குகைகள், அதில் இன்றும் தியானத்தில் இருக்கிற வனவாசிப் பிக்குகள். பக்கத்திலேயே உகந்தை முருகன் கோயில். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற சனம் வடக்கில் செல்வச்சந்நிதியில் தொடங்கி, கிழக்குக் கரை முழுக்க நடந்து, உகந்தையில் தங்கி, காட்டுப் பாதை திறந்ததும் குமணைக்குள் இறங்கும். செருப்பில்லாமல் நடக்கிற அந்த அம்மாமாருக்கு அந்தப் பாறைகளையும் அங்கே இருக்கிற பிக்குகளையும் தெரியும். அவர்கள் அதை வியூ என்று சொன்னதில்லை, எதிரி என்றும் சொன்னதில்லை. மலையைக் கண்டால் கும்பிட்டுவிட்டு நடப்பார்கள். படிப்பறிவு குறைந்த எங்கட ஆச்சிமாருக்கு இருந்த அந்த நிதானம், பட்டப்படிப்பு படிக்கிற எங்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

நான் சொல்வேன்: எங்களுக்கு நடை இல்லை, ஓட்டம்தான் இருக்கிறது. வேகம் குற்றமில்லை. ஆனால் வேகத்தில் போகிறவனுக்கு மலை ஒரு வடிவமாக மட்டும்தான் தெரியும். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருஷத்துக்கு முதல் ஊர் பார்க்க வந்தவர்கள் கவிதை கிறுக்கிவிட்டுப் போனார்கள். பரணவிதான அதில் 685 பாடல்களை வாசித்து 1956இல் பதிப்பித்தார். அவர்களும் எங்களைப் போல் சுற்றுலாக்காரர்தான். படி ஏறிக் களைத்தவர்கள்தான். ஆனால் வந்த இடத்தை உற்றுப் பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றி யோசித்தார்கள், யோசித்ததை எழுதினார்கள். இன்று சுவரில் எழுதினால் சட்டப்படி குற்றம், எழுதவும் கூடாது. ஆனால் யோசிக்கத் தடை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? சும்மா திட்டிவிட்டுப் போகிறவனாக இருக்க விருப்பமில்லை. ஆகவே சில விஷயம்.

முதலாவது, வாசிக்கப் பழகுங்கள். பழைய பிராமி எழுத்துகள் ஒன்றும் மந்திரம் இல்லை. பாதி எழுத்துகள் வட்டம், சிலுவை, கோடு, கொக்கி. ஓ.எல் கணிதத்தைவிட லேசு. இரண்டு மூன்று வாரம் மினக்கெட்டால் "சங்கத்துக்கு" என்ற சொல்லைக் கல்லில் நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த நிமிஷம் ட்ரோன் ஷொட்டைவிடச் சந்தோஷமானது, சத்தியமாக. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடம் "வரலாறு படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில்: கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் குறையக் குறைய, கல்லில் என்ன இருக்கிறது என்று மற்றவர் சொல்வதைத்தான் நம்பவேண்டி வரும். இப்போது அதுதான் நடக்கிறது.

இரண்டாவது, பலகையைப் படியுங்கள். தொல்பொருள் இடத்தில் நிற்கிற பலகையைப் படம் எடுங்கள். தமிழ் இருக்கிறதா? இருந்தால் சரியான தமிழா? கல்வெட்டின் மொழிபெயர்ப்பு இருக்கிறதா, அல்லது "புனித பூமி" என்று மட்டும் இருக்கிறதா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதைக் கேட்பது சண்டித்தனம் இல்லை, சட்டம். ஒரு வருஷத்தில் போகிற ரைட் எல்லாவற்றிலும் பலகைகளைப் படம் எடுத்துச் சேர்த்தால், அதுவே ஓர் அறிக்கை.

மூன்றாவது, எஞ்சினைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். குடும்பிகலயிலும் திம்புலாகலயிலும் இருப்பது நூதனசாலை இல்லை, ஆட்கள் வாழ்கிற ஆரணியம். மிகிந்தலையில் 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் வைத்த கற்பலகைகள், விடிய எழும்புவதில் இருந்து பிக்குகள் எப்படி நடக்கவேண்டும், சமையற்காரருக்கும் குயவருக்கும் கணக்கெழுதுகிறவருக்கும் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று வரி வரியாகச் சொல்கின்றன. ஒழுங்கு என்பது அந்த இடங்களின் உயிர். ஐயனார் கோயிலுக்குள் சப்பாத்தோடு வருகிறவனைக் கண்டு எங்களுக்கு என்ன கோபம் வரும்? அதே கோபம் அவர்களுக்கும் வரும். மரியாதை கேட்கிறவன் மரியாதை கொடுத்துவிட்டுக் கேட்டால் குரல் உரக்க நிற்கும்.

நான்காவது, கொஞ்சம் சிங்களம். பைக்கை நிறுத்துகிற இடத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அக்காவோடும், குகையைக் கூட்டுகிற பெரியவரோடும் பேசுகிற அளவுக்கு. குகையைக் கூட்டுகிறவருக்கும் அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே தமேட என்று ஒரு சொல் இருக்கிறது என்பதை ஒரு தமிழ்ப் பொடியனோ பொடிச்சியோ சிங்களத்தில் அவருக்கு வாசித்துக் காட்டுகிற காட்சியை யோசித்துப் பாருங்கள். எத்தனையோ நல்லிணக்கக் கருத்தரங்குகளைவிட அது பெறுமதியானது. சோற்றுப் பார்சல் செலவும் இல்லை.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வந்தவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் என்று கல்லில் எழுதியவர்கள் துறவிகளைத்தான் நினைத்தார்கள். பல்சரில் வருகிற எங்களை நினைக்கவில்லை. அந்த உறுதியில் எங்களுக்குப் பங்கு கிடையாது, எந்த அமைச்சருக்கும் கிடையாது. ஆனால் வாசிக்கிற உரிமை எழுத்தறிந்த எல்லாருக்கும் உண்டு. அதற்காகத்தான் அதை ஒளித்து வைக்காமல் குகை வாசலில், தலைக்கு மேல், வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெட்டினார்கள்.

அடுத்த போயாவுக்கு மப் போடுகிறவர்கள் போடுங்கள். பெரியபுளியங்குளத்தையும் அதில் சேருங்கள். உச்சிக்குப் போக முதல், குகை வாசலில் ஒரு நிமிஷம் நின்று மேலே பாருங்கள்.